மொட்டை மாடியில் சோலார்: எத்தனை கிலோவாட் போட்டால் லாபம்?

சேலம், நாமக்கல் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனால் மாடி முழுக்க பேனல் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியது வெயில் அல்ல, உங்கள் கரண்ட் பில். எப்படி என்று பார்ப்போம்.

எவ்வளவு கிடைக்கும்?

1 கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். தினமும் சராசரியாக 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பேனலுக்குத் தேவை வெளிச்சம்தான், சூடு அல்ல. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும்.

மானியம்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000.

கணக்கு

கிலோவாட்டுக்கு 70,000 ரூபாய் செலவு என்று வைத்து, 2024 ஜூலை வீட்டு மின்கட்டணப்படி இரண்டு வீடுகளைப் பார்ப்போம். தமிழகத்தில் அந்தக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

முதல் வீடு: இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், பில் 1,175 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் பில் 141 ஆகும். வருடத்துக்கு 6,204 ரூபாய் மிச்சம். மானியம் போக நம் கைக்காசு 40,000. ஆறரை வருடத்தில் திரும்பிவிடும். இரண்டாவது கிலோவாட்டுக்கும் 40,000 செலவாகும். ஆனால் அது பில்லில் குறைப்பது வருடத்துக்கு 846 ரூபாய்தான்!

இரண்டாவது வீடு: ஏ.சி. உண்டு. 800 யூனிட், பில் 4,770. 2 கிலோவாட் போட்டால் பில் 799 ஆகும். வருடத்துக்கு 23,826 மிச்சம். போட்ட 80,000 மூன்றரை வருடத்தில் வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக 52,000 செலவு, மிச்சம் 4,794. அது திரும்ப 11 வருடம் ஆகும்.

காரணம் எளிது. 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் விலை 8.40, 9.45 என்று ஏறுகிறது. சோலார் முதலில் வெட்டுவது இந்த விலை உயர்ந்த யூனிட்களைத்தான். மேலே போகப் போக அது மிச்சப்படுத்துவது மலிவான யூனிட்களை.

கவனிக்க

* கரண்ட் போனால் ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும். பேட்டரி வேண்டுமானால் அது தனிச் செலவு.
* தென்னை மர நிழல், தண்ணீர்த் தொட்டி நிழல் பேனலில் விழுகிறதா என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பாருங்கள்.
* உப்புத் தண்ணீரில் கழுவினால் பேனலில் வெள்ளைக் கறை படியும்.
* நெட்வொர்க் கட்டணம் உண்டா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, மிச்சத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் வாங்கும் முன், கடந்த ஆறு பில்களையும் எக்ஸெல்லில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் 240, 480, 720 யூனிட்டைக் கழித்து பில் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு எத்தனை கிலோவாட் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.