97 லிங்க் ஏன் மாட்டாது?

டிசைன் ஆஃப் டிரான்ஸ்மிஷன் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு செயின் டிரைவ் கணக்கு ஞாபகம் இருக்கும். டேட்டா புக்கைத் திறந்து, ஃபார்முலாவில் நம்பரைப் போட்டு, லிங்க் எண்ணிக்கை கண்டுபிடிச்சு, அதை இரட்டைப்படை எண்ணா மாத்தி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். ஏன் இரட்டைப்படை என்று நான் யோசிச்சதே இல்லை. போன லீவில் ஒரு பழைய சைக்கிள்தான் அதைச் சொல்லிக் கொடுத்தது.

ஹாஸ்டலில் ஒரு சீனியர் விட்டுட்டுப் போன கியர் சைக்கிள் அது. பின் டிரெயிலர் உடைஞ்சு கிடந்தது. அதை சரி பண்றதைவிட சிங்கிள் ஸ்பீடா மாத்திடலாம்னு முடிவு பண்ணேன். முன்னாடி 42 பல் சக்கரம் ஒன்றை மட்டும் வெச்சுக்கிட்டு, பின்னாடி 16 பல் ஒற்றை ஃப்ரீவீல் போட்டாச்சு. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரணும், செயினின் அகலம் பல்லுக்குப் பொருந்தணும். இதையெல்லாம் எங்க சைக்கிள் கடை அண்ணன் பார்த்துக்கிட்டார். செயின் வெட்டுறதை மட்டும் "நான் இன்ஜினியர், நானே பண்றேன்"னு வாங்கிட்டு வந்தேன்.

கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்க. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரைக்கும் ஒரு லிங்க். அது அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. கிராங்க் மையத்திலிருந்து பின் ஆக்ஸில் மையம் வரை நான் அளந்தது 430 மி.மீ. அதை இரண்டு மடங்காக்கி 12.7-ஆல் வகுத்தால் 67.7. இரண்டு சக்கரத்தின் பற்களையும் கூட்டிப் பாதியாக்கினால் 29. கடைசியாக ஒரு திருத்தம்: பற்களின் வித்தியாசமான 26-ஐ 2பை-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 12.7-ஆல் பெருக்கி, 430-ஆல் வகுக்கணும். அது 0.5. மொத்தம் 97.2.

97.2-க்குப் பக்கத்து முழு எண் 97. வெட்டிட்டேன்.

இப்போ இரண்டு முனையையும் சேர்க்கப் போனால் இரண்டுமே வெளித் தட்டு. செயினில் உள் தட்டு, வெளித் தட்டு, உள் தட்டு, வெளித் தட்டுன்னு மாறி மாறித்தான் வரும். உள் தட்டு முனையை வெளித் தட்டு முனையோடுதான் கோர்க்க முடியும். செயின் லாக் என்பதும் ஒரு வெளித் தட்டுதான், அதையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் இரட்டைப்படையில்தான் முடியும். டேட்டா புக் சொன்ன இரட்டைப்படை இதுதான்! ஒரு பக்கம் உள்ளாகவும் மறுபக்கம் வெளியாகவும் வளைந்த ஆஃப்செட் லிங்க் ஒன்று போட்டால் ஒற்றைப்படையும் சாத்தியம். எங்க ஏரியா கடைகளில் கேட்டேன், கிடைக்கலை.

ஒரு லிங்க் குறைச்சு 96 ஆக்கினால் ஆக்ஸில் கிட்டத்தட்ட 8 மி.மீ. முன்னாடி வரணும். டயர் ஃப்ரேமில் உரசியது. 98 வெச்சிருந்தால் 5 மி.மீ. பின்னாடி தள்ளினாலே போதும், என் சைக்கிளின் ஸ்லாட்டில் அதுக்கு இடம் இருந்தது. ஆக, புது செயின். இந்த முறை வெட்டுறதுக்கு முன்னாடி ஆக்ஸிலை ஸ்லாட்டின் முன்பகுதியில் வெச்சு, செயினை இரண்டு சக்கரத்தையும் சுத்திப் போட்டு, முனைகள் சேரும் இடத்தில் மார்க் பண்ணேன். நீங்க செய்தால் கணக்கு, நேரில் சுத்திப் பார்ப்பது இரண்டையும் செய்யுங்க. இரண்டும் ஒத்து வந்தால் மட்டும் கட்டரை எடுங்க.

98 போட்டதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். மூணாவது நாள் மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்னு மிதிச்சேன். சட்டுன்னு பெடல் காலுக்கடியில் இல்லாத மாதிரி ஆச்சு. செயின் கழண்டிருச்சு. முட்டி ரோட்டில், பின்னாடி ஒரு வேன் ஹார்ன். வேன்காரர் பிரேக் போட்டதால்தான் இதை எழுதிட்டு இருக்கேன்.

காரணம், வலது பக்க நட் சரியா இறுகலை. மிதிக்கும்போது செயின் அந்தப் பக்கம்தான் ஆக்ஸிலை முன்னாடி இழுக்கும். ஸ்லாட்டில் இருந்த தடத்தை அளந்தேன்: இரண்டு மி.மீ. கூட நகரலை. இவ்வளவுக்கா செயின் விழும்?

இதுக்குப் பித்தாகரஸ் போதும். செயினின் கீழ்ப்பக்க நீளம் தோராயமா 435 மி.மீ., பாதி 217. நடுவில் 6 மி.மீ. கீழே அமுங்குதுன்னா எவ்வளவு நீளம் உபரி? 0.17 மி.மீ. அதாவது மேலும் கீழுமா 12 மி.மீ. ஆட்டம் கொடுக்க ஆக்ஸில் 0.1 மி.மீ. கூட நகர வேண்டியதில்லை. திருப்பிப் போடுங்க: சுத்தமா விறைப்பா இருக்கும் செயினில் ஆக்ஸில் 1 மி.மீ. முன்னாடி வந்தால் உபரி 2 மி.மீ., மொத்த ஆட்டம் 4 செ.மீ.! ஆக, லிங்க் எண்ணிக்கை நமக்குக் கொடுப்பது 12.7 மி.மீ. படியில் ஒரு தோராயமான இடம். மீதியை ஆக்ஸிலும் நட்டும்தான் பிடிச்சு வைக்கணும். டிரெயிலர் இருந்தவரைக்கும் அதோட ஸ்பிரிங் இந்த வேலையை சத்தமில்லாம செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

அதனால் டென்ஷன் வைக்கும்போது கிராங்க்கை மெதுவா ஒரு முழுச் சுற்று சுத்துங்க. எந்த முன் சக்கரமும் துல்லியமா மையத்தில் சுத்தாது. ஒரு இடத்தில் செயின் இறுகும், இன்னொரு இடத்தில் தொங்கும். அதிகமா இறுகும் இடத்தைக் கண்டுபிடிச்சு அங்கே 12 மி.மீ. ஆட்டம் வையுங்க. தொங்கும் இடத்தில் வெச்சால் இறுகும் இடத்தில் பேரிங் அழும். ரொம்ப இறுக்கினால் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, கிராங்க் சுத்தவே கனமாகும். நட்டை இரண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், கடைசியில் வலது நட்டை இன்னொரு முறை. பிரேக் இல்லாத ஃபிக்ஸட் சைக்கிள் ஓட்டுற ஆசை இருந்தால் ஒண்ணு சொல்றேன்: அதில் செயின் போனால் பிரேக்கும் போச்சு.

என் ரூம்மேட் சைக்கிளில் ஸ்லாட் செங்குத்தா இருக்கு, ஆக்ஸிலை முன்ன பின்ன நகர்த்தவே முடியாது. பல் எண்ணிக்கையை மாத்தி மாத்தி கணக்குப் போட்டு, சரியா பொருந்தும் ஜோடி ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டதா ராத்திரி எழுப்பிச் சொன்னான். பேப்பரில் பொருந்தும். ஆனால் 98 லிங்க் செயின் 1245 மி.மீ., ஓட ஓட பின் தேய்ந்து அது 0.1 சதவீதம் நீண்டாலே 1.2 மி.மீ. உபரி, 3 செ.மீ.க்கு மேல் ஆட்டம். 0.1 சதவீதம் என்பது தேய்மானமே இல்லை. புது செயின் மாத்தச் சொல்வதே 0.5 சதவீதத்தில்தான். அவனுக்கு ஸ்பிரிங் டென்ஷனர் தவிர வேறு வழியில்லைன்னு சொல்லிட்டேன். இன்னும் ஒத்துக்கலை.

தேய்மானம் பார்க்க ஸ்டீல் ஸ்கேல் போதும். புது செயினில் 24 லிங்க் சரியா 12 இன்ச். பின்னின் மையம் 1/16 இன்ச் தாண்டிப் போயிருந்தால் மாத்திடுங்க. என்னுது இன்னும் கோட்டிலேயே நிக்குது.