வெளிநாட்டுக்காரங்களோட கூட்டுத் திட்டமா? கையெழுத்துக்கு முன்னால அக்காகிட்ட ஒரு வார்த்தை

குழித்துறைப் பக்கம் தேன் சங்கத்திலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்க்கிற தங்கச்சிகளே, ஜெர்மனியிலிருந்தோ நார்வேயிலிருந்தோ "சேர்ந்து ஒரு திட்டம் செய்வோமா?" என்று மெயில் வந்தால் சந்தோஷப்படுங்கள். பதில் போடும் முன் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல தேன் வரத்து. ஜூனில் மழை பிடித்துவிட்டால் சர்க்கரைப் பாகு வைத்துத் தேனீயைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. மழைக்காலத்தில் அறுவடைக் கணக்கு கேட்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், பொய் எழுதவேண்டி வரும். ஆடியில் நம் ஊரே வாவுபலிப் பொருட்காட்சியில் நிற்கும். ஐரோப்பாவில் ஜூலை, ஆகஸ்டில் பாதிப்பேர் விடுப்பில் இருப்பார்கள். அந்த மாதங்களில் எந்தக் கெடுவும் வேண்டாம். இன்னொன்று, ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. கூட்ட நேரத்தை இந்திய நேரத்தில் எழுதி அனுப்புங்கள்.

இனி பணம். இதில்தான் நல்ல நல்ல நிறுவனங்களே மாட்டிக்கொள்கின்றன. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் வெளிநாட்டு நன்கொடையைத் தொடக்கூடாது. பதிவுக்கு நிறுவனம் பொதுவாக மூன்று ஆண்டாவது நடந்திருக்கவேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது சேவைக்குச் செலவாகியிருக்கவேண்டும். புதிய அமைப்பு என்றால், குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட வேலை என்று முன் அனுமதி கேட்கலாம். "எங்க கணக்குல போடச் சொல்லுங்க, நாங்க உங்களுக்கு மாத்தித் தர்றோம்" என்று பக்கத்து நிறுவனம் சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது சட்டவிரோதம். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளைக் கணக்கில்தான் வந்து விழவேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்குள் யார் யாருடைய சம்பளம் அடங்கும் என்பதைப் பட்ஜெட் போடும்போதே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். யூரோ விலை இறங்கினால் எந்த வேலையைக் குறைப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வெள்ளைக்காரரிடம் பணப்பேச்சு பேசக் கூச்சம் எதற்கு? அவர்கள் கூச்சப்படுவதில்லை.

அவர்கள் கணக்காண்டு பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கும், நமக்கு ஏப்ரல். மாதவாரியாகக் கணக்கை வைத்திருந்தால் இரண்டு விதமாகவும் வெட்டிக் கொடுக்கலாம்.

கூட்டு வேலை நமக்குப் புதிதில்லை. 1920-களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் கிராம மறுசீரமைப்பு மையம் நடத்தியபோது பரவியதுதான் பெட்டித் தேனீ வளர்ப்பு. 1937-ல் வளர்ப்பவர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஹாட்ச் போன பிறகும் தேன் நிற்கவில்லை. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பக்கம் கொல்லம் நீண்டகரையில், 1952-ல் ஒப்பந்தமான இந்திய-நார்வே மீன்வளத் திட்டத்தின் கதை வேறு. மீனவர் வாழ்வை உயர்த்தத்தான் தொடங்கினார்கள். கடைசியில் இறால் ஏற்றுமதியும் இழுவைப் படகும்தான் முன்னால் வந்தன, சிறு மீனவர் பின்னால் நின்றார்கள். ஆகவே திட்டம் முடிந்தபின் பெட்டி, எந்திரம், வண்டி யார் பெயரில் இருக்கும், இலக்கை மாற்ற யாருக்கு அதிகாரம் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, பெட்டி வைத்திருக்கும் அக்காமார் தலையாட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நோய்க்கும் ஒரு வரி வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவில் தேனீக் கூட்டங்கள் கொத்துக் கொத்தாக அழிந்தன. அப்படி வந்தால் இலக்கு தானாகக் குறையும் என்று எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, வெளிநாட்டு நன்கொடைக் கணக்கைக் காட்டும் எஃப்.சி.-4 ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. நம் ஊரில் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆடிட்டர் ஆபீஸ் பூட்டியிருக்கும், நவம்பரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.