சிவப்புக்கு ஒரு கைதட்டல்

திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓடும் ஷெட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். நூல் ஒன்று அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும், விளக்கு எரியும். ஓட்டுபவர் வந்து நூலை முடிந்து மறுபடி ஓட்டிவிடுவார். நின்றதற்காக மெஷினை யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இதே ஊரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும் எனக்கு, அந்த விளக்கு செய்யும் வேலையை ஒரு மனிதர் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது புரியப் பல வருடங்கள் ஆயின. ஓர் ஏற்றுமதி ஆர்டரில் உடம்புத் துணி ஒரு சாய லாட்டிலும் கைத்துணி இன்னொரு லாட்டிலும் வந்து சேர்ந்துவிட்டது. டியூப் லைட்டில் தெரியாத ஷேட் வித்தியாசம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. பேக்கிங்குக்குப் போன 1,800 பீஸ்களை ஒதுக்கிவிட்டு, புதுத் துணி எடுத்துத் தைத்து, கப்பலில் போக வேண்டிய சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபத்தோடு அடுத்த ஆர்டரின் லாபமும் போயிற்று.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. செக்கிங் டேபிளில் இருந்த அக்கா ஒருவர் மூன்று நாள் முன்பே அதைக் கவனித்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். போன வாரம் ஆயில் கறையப் பத்திச் சொன்ன புள்ளைய எல்லாரு முன்னாடியும் நீங்க என்ன கேட்டீங்கன்னு பாத்தேனுங்க. அதான் பேசாம இருந்துட்டேன்."

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது, "இத்தனை நேரம் தூங்கிட்டு இருந்தியா?" என்று. 1,800 பீஸுக்கும் காரணம் அந்த ஒரு கேள்வி.

அதன் பிறகுதான், இதே நோயோடு இருந்த ஒரு மிகப் பெரிய நிறுவனத்தின் கதை எனக்கு உறைத்தது. 2006 செப்டம்பரில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு ஆலன் முலாலி வந்தார். அதற்கு முன் போயிங்கில் விமானம் கட்டியவர். 777 விமானத் திட்டத்தை வழிநடத்தியவர். கார் தொழிலுக்குப் புதியவர். அந்த ஆண்டு மட்டும் ஃபோர்டு இழந்தது 1,200 கோடி டாலருக்கும் மேல்.

முலாலி வாரந்தோறும் வியாழக்கிழமை எல்லாத் துறைத் தலைவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார். ஒவ்வொருவரும் தன் வேலைகளின் நிலையை நிறத்தால் காட்ட வேண்டும். திட்டப்படி நடந்தால் பச்சை, சிக்கல் எட்டிப் பார்த்தால் மஞ்சள், கெட்டுப்போயிருந்தால் சிவப்பு. கூட்டத்தில் கைப்பேசி கூடாது. அடுத்தவரைக் கிண்டல் செய்வது கூடாது.

வாரங்கள் போயின. வந்த அட்டவணைகள் எல்லாம் பச்சை. பல நூறு கோடி டாலர் நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தில் ஒன்றுகூடவா சரியில்லாமல் இல்லை என்று முலாலி கேட்டார். பதில் இல்லை. குறையை ஒப்புக்கொண்டால் அது தனக்கு எதிராகத் திரும்பும் என்று அந்த அறையில் இருந்தவர்கள் பல ஆண்டுகளாகக் கற்றிருந்தார்கள்.

மௌனத்தை உடைத்தவர் அமெரிக்கப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ். கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புது மாடல் வெளிவரத் தயாராக இருந்தது. சோதனையில் ஒரு கோளாறு தென்பட, வண்டிகளை அனுப்பாமல் நிறுத்தி வைத்த அவர், அடுத்த கூட்டத்துக்குச் சிவப்பு நிறத்தோடு வந்தார். அறை உறைந்தது. இவர் கதை இன்றோடு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

முலாலி கைதட்டினார். நிலைமையைத் தெளிவாகக் காட்டியதற்குப் பாராட்டிவிட்டு, இவருக்கு யார் உதவ முடியும் என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார். உடனே மேஜையைச் சுற்றிலுமிருந்து யோசனைகளும் உதவிகளும் வந்தன. ஆனாலும் மற்றவர்களின் அட்டவணைகள் அன்றே நிறம் மாறிவிடவில்லை. அவர்கள் காத்திருந்து பார்த்தார்கள்: சொன்னவருக்கு வேலை போகிறதா? போகவில்லை. அதன் பின்னரே மற்ற அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின. ஒரு கைதட்டலால் மட்டும் பயம் தெளிந்துவிடவில்லை என்பதை இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்வேன்.

ஃபோர்டு பிழைத்ததற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்வதும் தவறு. 2006 இறுதியிலேயே சொத்துகளையும், அந்த நீல முட்டை வடிவச் சின்னத்தையும்கூட அடமானமாக வைத்துச் சுமார் 2,350 கோடி டாலர் கடன் திரட்டியிருந்தார்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது ஃபோர்டு போகவில்லை. அந்த ஆண்டு லாபமும் காட்டியது. ஆனால் எங்கே ஓட்டை என்று தெரியாமல் இருந்திருந்தால், கடன் வாங்கிய பணமும் அதே ஓட்டை வழியாகத்தான் போயிருக்கும். 2014இல் முலாலி விடைபெற்றபோது அவர் நாற்காலிக்கு வந்தவர், சிவப்பைக் காட்டிய அதே ஃபீல்ட்ஸ்.

குறை தெரிந்த உடனே நிறுத்திச் சொல்லும் எண்ணம் ஜப்பானில் தறியிலிருந்தே பிறந்தது. சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நிற்கும். அவர் குடும்பம் தொடங்கிய டொயோட்டா கார் ஆலைகளில் அதுவே மனிதர் கைக்கு வந்தது. பிழையைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் லைன் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். கயிற்றைத் தொங்கவிடுவது எளிது. ஓடி வருபவர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தார். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பது பிறகுதான் அவருக்குப் புலப்பட்டது. குறையே பதிவாகாத செக்கிங் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்கிய மாதங்களை, இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

என் கம்பெனியில் செய்து பார்த்து, பலன் கண்டவை சில.

குறையோடு வருபவரிடம் முதல் வார்த்தையாக நன்றி சொல்கிறேன். அடுத்த கேள்வி, "இதைச் சரி பண்ண என்ன வேணும்?" யார் செய்தது என்பதைச் சரக்கு போன பிறகு, தனியாக அழைத்துக் கேட்கிறேன். கோபம் வராமல் இல்லை. வந்தால் ஷெட்டைவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.

காலையில் வேலை தொடங்கும்போது, "எல்லாம் சரியா போகுதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அதற்கு "போகுதுங்க" என்ற ஒரே பதில்தான் வரும். "இன்னைக்கு எது இடிக்கும்னு தோணுது?" என்று கேட்டால் பேச்சு ஆரம்பிக்கிறது.

சொன்ன குறைக்கு என்ன செய்தோம் என்பதை அன்றைக்கே சொன்னவரிடம் தெரிவிக்கிறேன். இதைத் தவறவிட்ட நாட்களில் அடுத்த தகவல் வரத் தாமதமானதை நானே பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது என் சொந்தப் பயம். செக்கிங் டேபிளில் இருந்த அக்காவுக்கு என்னிடம் இருந்த அதே பயம் எனக்கு, ஆர்டர் தரும் பையரிடம் இருந்தது. தாமதம் நிச்சயம் என்று தெரிந்தும் கடைசி நாள்வரை "ஆன் டைம்" என்றே மெயில் போட்டுக்கொண்டிருந்தவன் நான். நானே பச்சை காட்டிக்கொண்டு, என்னிடம் வேலை செய்பவர்கள் சிவப்பு காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

போன மாதம் சாயப்பட்டறையிலிருந்து துணி வர ஐந்து நாள் பிந்தும் என்று தெரிந்தது. ஷிப்மென்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆபீஸ் கதவைச் சாத்தாமல், பையரின் மெர்ச்சண்டைசருக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, தயாரான கலரை முதலில் அனுப்பிவிட்டு மீதியை அடுத்த கப்பலில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

போனை வைத்தபோது கட்டிங் மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு துணித் துண்டு.

"ஜி.எஸ்.எம். கொஞ்சம் கம்மியா வருதுங்க. வெட்டறதுக்கு முன்னாடி காட்டிரலாம்னு வந்தேன்."

நன்றி சொல்லிவிட்டு, துணியின் எடை பார்க்கத் தராசை எடுத்துக்கொண்டு அவரோடு கட்டிங் டேபிளுக்குப் போனேன்.