‘நீ நீயாக இரு’ – எந்த நீ?

“நீ நீயாக இரு” என்னும் அறிவுரையை இன்றைய இளைஞர்கள் கேட்காத இடமில்லை. நேர்முகத் தேர்வுக்குப் புறப்படுபவரிடம் நண்பர்கள் அதைச் சொல்கிறார்கள். வேலையில் சேர்ந்தபின் பயிற்சி வகுப்பில் அதிகாரிகள் சொல்கிறார்கள். கைப்பேசித் திரையும் விளம்பரப் பலகையும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி நிறுவனம் 2023-ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது, ‘போலியற்ற, அசலான’ என்று பொருள்படும் ‘ஆத்தென்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான்.

கேட்பதற்கு இது விடுதலை தரும் சொல்லாக இருக்கிறது. ஆனால் கேட்பவருக்கோ பல வேளைகளில் புதியதொரு கவலையையே தருகிறது. தேர்வு முடிந்து வெளியே வரும் இளைஞர் ‘சரியாகப் பதில் சொன்னேனா?’ என்பதோடு நிற்பதில்லை, ‘இயல்பாகத் தோன்றினேனா?’ என்றும் எண்ணிக் கலங்குகிறார். முன்பு திறமையைக் காட்டினால் போதும். இப்போது இயல்பையும் காட்ட வேண்டியிருக்கிறது. பிறருக்காகக் காட்டப்படும் இயல்பு உண்மையில் இயல்புதானா? இப்பாடம் ஆராயும் கேள்வி இதுவே.

ஒரு நாடாவின் கதை

இந்த இலட்சியத்திற்கு ஐரோப்பாவில் பெரும் வலிமை தந்தவர் ஜெனீவாவில் பிறந்த ரூசோ (1712–1778). நாகரிக சமுதாயம் மனிதனுக்கு முகமூடி அணிவிக்கிறது, அவன் பிறர் கண்களிலேயே வாழப் பழகிவிடுகிறான் என்பது அவரது கண்டனம். இதில் உண்மை இருந்தது. பிறப்பும் பட்டமும் ஒருவனை முன்கூட்டியே தீர்மானித்த காலத்தில், ‘உன் உள்ளத்தின் குரலைக் கேள்’ என்ற அழைப்பு பலரை நிமிர்ந்து நிற்கச் செய்தது.

ரூசோ தம் வாழ்க்கையை ஒளிவுமறைவின்றி எழுத முற்பட்டார். அவர் மறைந்தபின் 1782-இல் ‘ஒப்புதல்கள்’ என்ற அந்நூலின் முதற்பகுதி வெளிவந்தது. அதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பதினாறு வயதளவில் அவர் டூரின் நகரில் ஒரு செல்வக் குடும்பத்தில் பணியாளாக இருந்தார். வீட்டுத் தலைவி இறந்த சமயத்தில் ஒரு பழைய நாடாவைத் திருடினார். பிடிபட்டதும், அதைத் தமக்குக் கொடுத்தவள் சமையற்காரப் பெண் மரியோன் என்று பொய் சொன்னார். அவள் அழுதாள், மறுத்தாள். இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். களங்கம் சுமத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு வேறு இடத்தில் வேலை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை ரூசோவே வருத்தத்துடன் எண்ணிப் பார்க்கிறார். அந்தப் பாரத்தை இறக்கி வைக்கும் விருப்பமே தம்மை அந்நூலை எழுதத் தூண்டிய காரணங்களுள் முக்கியமானது என்றும் கூறுகிறார்.

இது துணிவான ஒப்புதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே பக்கங்களில், அவள்மீது தாம் கொண்டிருந்த அன்பினால்தான் அவள் பெயர் முதலில் நாவில் வந்தது என்று ரூசோ விளக்கமும் தருகிறார். ஒப்புக்கொள்ளும்போதே மனம் தன்னைக் காத்துக்கொள்கிறது. அவரது நேர்மையை உலகம் வாசித்தது. மரியோனுக்கு அதனால் என்ன கிடைத்தது? தன்னைத் திறந்து காட்டுவதும் தவற்றைச் சரிசெய்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதே இக்கதை தரும் முதற்பாடம்.

சந்தைக்கு வந்த இயல்பு

இருபதாம் நூற்றாண்டில் இந்த இலட்சியம் தொழிலுக்குள்ளும் புகுந்தது. அமெரிக்க சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்சைல்ட் 1983-இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களின் பயிற்சியை ஆராய்ந்தார். உதட்டால் சிரித்தால் போதாது, உள்ளத்தால் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. விமானத்தின் உட்புறத்தைத் தம் வீட்டுக் கூடமாகவும், பயணியைத் தம் வீட்டு விருந்தினராகவும் கற்பனை செய்யச் சொன்னார்கள். விளைவு? பணி முடிந்த பின்னும் சிலருக்குச் சிரிப்பு முகத்தைவிட்டு அகலவில்லை. எது தம் உணர்ச்சி, எது நிறுவனத்திற்காக உண்டாக்கிய உணர்ச்சி என்று பிரித்தறிவதே சிலருக்குக் கடினமாயிற்று.

இருபத்தோராம் நூற்றாண்டில் இன்னொரு சோதனை நிகழ்ந்தது. 2020-இல் பிரான்சில் ‘பீரியல்’ என்ற கைப்பேசிச் செயலி அறிமுகமானது. நாளுக்கு ஒருமுறை, எதிர்பாராத நேரத்தில் அழைப்பு வரும். இரண்டு நிமிடங்களுக்குள் இருக்கும் நிலையிலேயே படமெடுத்து நண்பர்களுக்குக் காட்ட வேண்டும். அலங்காரத்திற்கு அவகாசமே இல்லை. ஆனால் தாமதமாகவும் படத்தைப் பதிவிடலாம். மீண்டும் எடுக்கவும் செய்யலாம். ஆகவே மனம் தன் வழியைக் கண்டுகொண்டது. சுவையான ஏதேனும் நிகழும்வரை பலர் காத்திருந்தார்கள். காண்பவர் இருக்கிறார் என்று தெரிந்தவுடன், ஒப்பனையற்ற முகமும் ஓர் ஒப்பனையாகிவிடுகிறது.

தம்பமும் ஆர்ஜவமும்

பகவத் கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயம் ஞானத்திற்குரிய பண்புகளை அடுக்கும்போது தற்பெருமையின்மையை முதலிலும் தம்பமின்மையை அடுத்தும் வைக்கிறது. தம்பம் என்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டும் போலித்தனம் என்றே பொதுவாகக் கருதுகிறோம். ஆதிசங்கரர் தம் உரையில் இன்னும் நுட்பமாகச் செல்கிறார். தன்னிடம் உள்ள தர்மத்தை வெளிக்காட்டிக்கொள்வதே தம்பம் என்பது அவர் தரும் விளக்கம். பண்பு மெய்யானதாகவே இருக்கலாம். விளம்பரமான அளவில் அது தம்பமாகிறது. இன்றைய நெருக்கடிக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடைப்பது அரிது.

அதே பட்டியலில் ‘ஆர்ஜவம்’ என்ற சொல்லும் உண்டு. வளைவின்மை, நேராக இருத்தல் என்பது அதன் பொருள். எண்ணமும் சொல்லும் செயலும் ஒரே கோட்டில் நிற்பது அது. இதற்குப் பார்வையாளர் தேவையில்லை. யாருமற்ற அறையிலும் இதைப் பயிலலாம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நோயுற்ற தாயைப் பல மாதங்களாகக் கவனிக்கும் மகள் ஒருத்தி இரவில் உறக்கமிழந்து, களைத்து, உள்ளே எரிச்சலோடு இருக்கிறாள். தாய் அழைத்ததும் முகத்தைத் திருத்திக்கொண்டு, “இதோ வந்துவிட்டேன் அம்மா” என்று கனிவாகச் சொல்கிறாள். இது நடிப்பா? அக்கணத்து உணர்ச்சியே ‘உண்மையான நான்’ என்று கொண்டால் நடிப்புதான். ஆனால் எரிச்சல் வந்து போவது. அதை வந்ததாக அறிபவள் வேறொருத்தி. அவள் தேர்ந்தெடுப்பது அன்பை. வேதாந்தம் மன அலைகளையும் அவற்றைக் காணும் அறிவையும் பிரித்துக் காட்டுவது இதனால்தான். அலை ஒவ்வொன்றையும் ‘நான்’ என்று எண்ணி வெளிப்படுத்துபவன் விடுதலை பெறுவதில்லை, அலைக்கு அடிமையாகிறான்.

அதே சமயம் கீதை எச்சரிக்கவும் செய்கிறது. புலன்களை அடக்கியவன் போல் அமர்ந்து மனத்தால் விஷயங்களை நினைப்பவனைப் பொய்யொழுக்கம் உடையவன் என்று மூன்றாம் அத்தியாயம் சாடுகிறது. எனவே அந்த மகள் தன் களைப்பைத் தன்னிடமே மறைக்கக் கூடாது. அதை உணர்ந்து, உடன்பிறந்தாரிடம் உதவி கேட்பதும் ஆர்ஜவமே.

மௌனம் பொய்யாகாது

‘எதையும் மறைக்காதே’ என்ற கட்டளை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. சாதியைச் சொன்னால் வாடகை வீடு கிடைக்காதோ, அலுவலகத்தில் பார்வை மாறுமோ என்று அஞ்சித் தன் குடும்பப் பெயரைச் சொல்லாமல் விடும் இளைஞன் போலியானவன் அல்லன். அவனைப் பேச அஞ்ச வைத்த சூழலில்தான் வளைவு இருக்கிறது. கேட்பவர் நேரானால் சொல்பவர் அச்சம் நீங்கும். வாய்மைக்கு இலக்கணம் கூறும் வள்ளுவரும் தீமை பயவாமையையே அதன் அளவுகோலாக வைக்கிறார். மனத்தில் பட்டதையெல்லாம் கொட்டிவிட்டு ‘நான் வெளிப்படையானவன்’ என்று பெருமை கொள்பவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே ‘நான் அசலாக இருக்கிறேனா?’ என்று கண்ணாடி முன் நின்று கேட்பதால் விடை கிடைக்காது. ‘சொன்னதைச் செய்தேனா? என்னால் துன்புற்றவருக்கு அதைச் சரிசெய்தேனா?’ என்று கேட்கலாம். இக்கேள்விகளில் கவனம் செல்லும்போது, தன் தோற்றத்தைப் பற்றிய நினைவு மெல்லக் கழல்கிறது. தன்னை மறந்த அக்கணத்தில் மனிதன் தன் இயல்புக்கு மிக அருகில் இருக்கிறான்.

சிந்தனைக்கு

1. இவ்வாரம் சொன்ன சொல்லுக்கும் செய்த செயலுக்கும் இடையே வளைவு நேர்ந்த இடம் எது?

2. ஒப்புக்கொண்டும் இன்னும் சரிசெய்யாத தவறு ஏதேனும் உண்டா? அதற்குரிய ‘மரியோன்’ யார்?

3. யாரிடமும் சொல்லாமல் ஒரு நற்செயல் செய்து, அதைச் சொல்லத் துடிக்கும் மனத்தைக் கவனிக்க முடிகிறதா?