சுடுநீர்க் கருவியும் காவல் விசையும்

நம் இல்லங்கள் பலவற்றில் இன்று குளியலறைச் சுவரில் மின்சாரச் சுடுநீர்க் கருவி இடம்பெற்றுள்ளது. குளிக்கும் வேளையில் மின்பெட்டியிலுள்ள விசை தானே கீழே விழுந்து மின்சாரம் நின்றுவிடுவதும் உண்டு. அவ்விசையை நாம் வெறுத்தல் கூடாது. அது நம் உயிர்க்காவலன்.

விசை விழுவதன் காரணம் யாது? 3,600 வாட் கருவி, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 16 அம்பியர் மின்சாரத்தை ஈர்க்கும். அதே இணைப்பில் வேறு கருவிகளும் இயங்குமாயின் சுமை மிகுந்து, சில நிமிடங்களில் விசை விழும். விசையின் திருகாணி தளர்ந்து சூடேறினும் அவ்வாறே நிகழும்.

கருவியை இயக்கியவுடனே விழுமாயின், பெரும்பாலும் மின்கசிவே காரணமாம். சூடேற்றும் கம்பியின் உறை நாளடைவில் வெடிக்க, மின்சாரம் நீரில் கசிகிறது. ஆதலால்தான் மலேசியாவில் இக்கருவிக்கு, 10 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை வேண்டப்படுகிறது.

பெற்றோர் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த கையுடன், காலணி அணிந்து, கருவிக்குரிய தனிச் சுவிட்சை நிறுத்திவிட்டு, மின்பெட்டி விசையை ஒருமுறை மட்டும் மேலேற்றுக. விசை நிலைத்து நின்று, கருவியை இயக்கியதும் விழுந்தால், பழுது கருவியிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ இருக்கக்கூடும். கருவியை இயக்காமலே விழுந்தால், பழுது வேறிடத்தில் இருக்கக்கூடும். இரண்டிலும் உரிமம் பெற்ற வயர்மேனையே அழைத்தல் வேண்டும். அதுவரை கருவியைப் பயன்படுத்தலாகாது.

விசையைக் கயிற்றால் கட்டுவதும், பெரிய விசையை மாற்றிப் பொருத்துவதும் உயிருக்கே உலை வைக்கும். மாணவர்களே, மின்பெட்டியை நீங்கள் தொடாதீர்கள். பெரியோரிடம் உடனே கூறுங்கள். மாதந்தோறும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்குமாறும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள். அழுத்தியும் விழாத விசை நம்மைக் காவாது.