இரண்டு பீலி, ஒரு தாங்கி

ஹந்தானைச் சரிவில் என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சீமெந்துத் தாங்கி இருக்கிறது. ஊற்றுப் பீலியை மட்டும் விட்டால் நிரம்ப 6 மணித்தியாலம். ரோட்டுப் பைப்பை மட்டும் திறந்தால் 3. "இரண்டையும் திறந்தால்?" என்றேன். "நாலரை, சேர்" என்றாள்.

பேராதனையில் பட்டம் பெற்று, எம்.பி.ஏ. படிக்க ஜிமாட் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை அவள். பைப் தனியாகவே 3 மணித்தியாலத்தில் நிரப்பும்போது, துணைக்குப் பீலியும் வந்தால் நேரம் கூடுமா? கூட்ட வேண்டியது நேரத்தை அல்ல, வீதத்தை. மணித்தியாலத்துக்கு ஆறிலொன்றும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் அரைத் தாங்கி. ஆகவே 2 மணித்தியாலம். தோட்டத்தில் நாள் வேலையைப் பேர், அரைப்பேர் என்று கணக்கு வைத்த அவளுடைய அம்மாவுக்கு இது புதிதல்ல. சாதாரண தரத்தில் 'மனித நாள்' என்று நாம் படிப்பதும் இந்த வகைக் கணக்குத்தான்.

ஜிமாட்டில் வரும் தரவுப் போதுமை வினா இதற்கு ஒருபடி மேலே போகிறது. அது விடையைக் கேட்பதில்லை. தந்த இரண்டு கூற்றுகளால் ஒரேயொரு விடைக்கு வர முடியுமா என்பதே கேள்வி. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமாட்டில் இவ்வினாக்கள் 45 நிமிடத்தில் 20 கேள்விகள் கொண்ட பகுதிக்கு மாறின. அங்கே திரையில் கல்குலேட்டரும் உண்டு. அதை நம்பி முழுக் கணக்கையும் போட்டுத் தீர்ப்பவர்களின் நேரம் வீணாய்ப் போவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

"தாங்கி எத்தனை லீட்டர் என்று தெரியாமல் முடியாது" என்பார்கள். தாங்கியை 1 என்று வைத்துக்கொண்டால் போதும்.

"இரண்டு தெரியாக்கணியம் என்றால் இரண்டு சமன்பாடு வேண்டும்" என்ற நம்பிக்கைதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டு, 'பீலிக்குப் பைப்பைப்போல் இரு மடங்கு நேரம்', 'பைப்பின் வேகம் பீலியைப்போல் இரு மடங்கு' என்று இரண்டு கூற்றுகள் தந்தால், அவை ஒரே செய்தியின் இரண்டு வேஷம். இரண்டையும் சேர்த்தாலும் போதாது. அதே கேள்விக்கு, 'இரண்டும் 40 நிமிடம் ஓடினால் தாங்கியில் மூன்றிலொரு பங்கு நிரம்பும்' என்ற ஒற்றைக் கூற்றே போதும். தனித்தனி வேகம் யாருக்கு வேண்டும்?

"இருபடிச் சமன்பாடு வந்தால் இரண்டு விடை; ஆகவே போதாது" என்பது கெட்டிக்காரர்களைப் பிடிக்கும் பொறி. பைப்புக்குத் தனியே எவ்வளவு நேரம்? கூற்று 1: பீலிக்குப் பைப்பைவிட 3 மணித்தியாலம் அதிகம். கூற்று 2: இரண்டும் சேர்ந்தால் 2 மணித்தியாலம். தனித்தனியே எதுவும் போதாது. சேர்த்துத் தீர்த்தால் 3 உம் −2 உம் வரும். மறை நேரத்தில் எந்தத் தாங்கியும் நிரம்பாது. தீர்க்கவே தேவையில்லை என்பதுதான் இதிலுள்ள அழகு: பைப்பின் நேரம் கூடினால் பீலியின் நேரமும் கூடும், சேர்ந்த நேரமும் கூடிக்கொண்டே போகும். அது சரியாக 2 ஆக இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான்.

போன சனிக்கிழமை இந்தக் கேள்வியை அவளிடமே கொடுத்தேன். சமன்பாட்டின் முதல் வரியை எழுதியவள் பேனையை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு அந்த வரியை வெட்டிவிட்டு, 'இரண்டும் சேர்ந்தே போதும்' என்பதற்கு நேரே புள்ளடி போட்டாள்.