மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்?



நம்ம திருப்புட்குழிப் பக்கம் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை போவது எல்லோருக்கும் தெரியும். பாவு எடுத்து வர, நெய்த சேலையைக் கொடுத்துக் கூலி வாங்க, பஸ் பிடிக்க என்று அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கணும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அடிபட்ட பிறகு என்ன செய்வது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

முதலில் 108. "தூக்கினால் போலீஸ் கேஸ் நம்ம மேல வரும்" என்ற பயம் இனி வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134-ஏ பிரிவு, உதவி செய்பவர் மீது வழக்குப் போடக்கூடாது என்கிறது. பேர் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. சீதைக்காகக் குறுக்கே பாய்ந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த ஊர் என்கிறோம். நாம பயந்து ஒதுங்கலாமா?

பணம் இல்லையே என்றும் தயங்காதீர்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் உண்டு.

இப்போது முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரியில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். அலைச்சலுக்குப் பயந்து, "தானா விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரி போதும், பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது அதையே காட்டி மறுப்பார்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் காசு கிடையாது.

வண்டி நம்பர் கிடைத்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். அதில் சம்பாத்தியம், வயது பார்த்துத் தொகை தருவார்கள். தறி நெய்யும் பெண்ணின் கூலியும் சம்பாத்தியம்தான், கூலிச் சீட்டை எறியாதீர்கள். ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது நல்லது. அதனால் டீக்கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களை அன்றைக்கே பார்க்கச் சொல்லி போலீசிடம் கேளுங்கள். நாளானால் பதிவு அழிந்துவிடும்.

நம்பரே தெரியவில்லையா? அதற்கும் வழி இருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு முன்பு 25,000 ரூபாய்தான் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் 2 லட்சம். பலத்த காயத்துக்கு 50,000. மனுவை கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக் கொடுக்க வேண்டும். வக்கீல் தேவையில்லை, எப்.ஐ.ஆர்., மருத்துவச் சான்று, வங்கிப் புத்தக நகல் இருந்தால் குழுத் தலைவியே கூடப்போய் எழுதிக் கொடுக்கலாம்.